தாழ்ப்பாள் இல்லாத வீடு

வாடிப்பட்டி பஸ்ஸில் என் முன் சீட்டில் அக்காவும் தங்கையும்.

"வீட்டுல இருந்த தாழ்ப்பாளப் பூரா கழட்டியாச்சுக்கா," என்றாள் தங்கை.

"பாத்ரூம்லயுமா?"

"அங்கதான மொதல்ல. எம்மக உள்ள பூட்டிக்கிட்டு கையக் காயம் பண்ணிக்கிட்டாள்ல."

"பரீட்சையில மார்க்கு கொறஞ்சதுக்கா இம்புட்டு?"

"மார்க்குக்கு இல்லக்கா. ரிசல்ட்டு வந்ததுலருந்து அவுக அப்பா அவகூடப் பேசல. நான் ஓரகத்தி மக மார்க்கையே சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்."

"இப்பவாச்சும் பேசுறாரா?"

"அவ ரூமுக்கு வெளிய சேரப் போட்டு நாள் பூரா காவலுக்கு உக்காந்திருக்காரு. பேச்சு இல்ல."

அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தங்கை வாங்கவில்லை.

"நேத்து எங்கிட்டக் கேக்குறா, 'கதவெல்லாம் தெறந்துதானம்மா கெடக்கு, ஏன் யாருமே உள்ள வரல?'"