முள் காட்டிய அறுபது

வக்கீலம்மா, நேற்று நீங்கள் கடைக்கு வந்தபோது நாற்காலியைத் துடைத்துக்கூடப் போடவில்லை, மன்னிக்க வேண்டும். உடையில் கிரீஸ் ஒட்டியிருந்தால் உடனே தண்ணீரில் போடாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பை உலர்ந்த துணியிலேயே தடவி, கால் மணி நேரம் கழித்து அலசுங்கள். போய்விடும்.

"உங்க பையனோட சொந்த வண்டி மீட்டர்ல எப்பவாவது கை வெச்சீங்களா ஐயா?" என்று கேட்டீர்கள். "மீட்டர் கடைக்காரன் பிள்ளையோட வண்டியை வேற எவன்மா தொடுவான்?" என்று சிரித்தேன். நீங்களும் சிரித்துவிட்டுப் போனீர்கள். அது பதில் இல்லை. பதிலை இதில் எழுதுகிறேன். முதலில் மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்; அது தெரியாமல் மற்றது விளங்காது.

தான் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று வண்டிக்குத் தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் ஒரு கணக்கைச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். மீட்டர் அதை நம்பிப் பெருக்கிக் காட்டும். என் மகனின் காருக்கு அது நூற்று எண்பத்தைந்து சென்டிமீட்டர். ஐந்து வருடத்துக்கு முன் அவன் ஆசைப்பட்டுப் பெரிய டயர் மாட்டிக்கொண்டு வந்தான். அதன் சுற்றளவு இருநூறு. ஆயிரம் சுற்றுக்கு வண்டி இரண்டு கிலோமீட்டர் போயிருக்கும். மீட்டரோ பழைய டயர் நினைப்பிலேயே நூற்றைம்பது மீட்டர் குறைத்துச் சொல்லும். முள் எண்பதில் நிற்கும்போது வண்டி எண்பத்தாறைத் தாண்டி ஓடும்.

இதைச் சரிசெய்ய, சக்கரத்துக்கும் மீட்டருக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை வைப்போம். சக்கரத்திலிருந்து வரும் சைகைகளைக் கூட்டியோ குறைத்தோ அது மீட்டருக்கு அனுப்பும். கூட்ட வேண்டியது நூற்றுக்கு எட்டு. அன்று எட்டுதான் வைத்தேன். கிலோமீட்டர் கல் நட்ட சாலையில் கடிகாரம் பிடித்து மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். துல்லியமாக இருந்தது.

எனக்கு இரண்டு பிள்ளைகள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. மூத்தவன் இருபத்திரண்டு வயதில் மோட்டார் சைக்கிளோடு போய்ச் சேர்ந்தான். மோதுகிற அதிர்ச்சியில் சில மீட்டர்களில் முள் அப்படியே நின்றுவிடும். அவனுடையது தொண்ணூற்றாறில் நின்றிருந்தது. நான் அளவு பார்த்துக் கொடுத்த மீட்டர்தான் அது. கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்துச் சோதித்தேன். இம்மியும் பிசகவில்லை. மீட்டர் சரியாகத்தான் காட்டியது. அவனும் பார்த்துக்கொண்டேதான் போயிருப்பான். சரியாகக் காட்டி என்ன ஆயிற்று என்று எனக்கு ஒரு எண்ணம் விழுந்தது.

இளையவன் அண்ணனைப் போல முறுக்குகிறவன் இல்லை. எண்ணுக்குக் கட்டுப்பட்டவன். நெடுஞ்சாலை என்றால் எண்பது, பழைய மில் அருகே இருக்கும் வளைவில் அறுபது என்று மனதில் போட்டு வைத்திருந்தான். அந்த வளைவில் ஐம்பது என்று பலகை உண்டு. ஆனால் எல்லோரும் அறுபதில் போவார்கள், அவனும் அப்படியே. இப்படிப்பட்ட பிள்ளையிடம் மெதுவாகப் போ என்று தொண்டை வற்றக் கத்த வேண்டியதில்லை. எண்ணைத் திருத்தினால் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீசுக்கு வருவான். ஒவ்வொரு முறையும் பெட்டியில் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ ஏற்றினேன். ஒரேயடியாக ஏற்றினால் உடம்பு கண்டுபிடித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக என்றால் உடம்பும் கூடவே பழகிக்கொள்ளும். மூன்று வருடத்தில், முள் எண்பது காட்டும்போது வண்டி அறுபதில் போனது. அறுபது காட்டும்போது நாற்பத்தைந்தில்.

வீட்டில் நல்ல வேடிக்கை. "உங்க பிள்ளை கிளம்பிட்டேன்னு சொன்னா, அதுக்கப்புறம் அரிசி களைஞ்சாக்கூடப் போதும்" என்பாள் என் மனைவி. தூரமும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும் இல்லையா, அதனால் அவன், "அப்பா, எங்க ஆபீஸ் வருஷா வருஷம் தள்ளிப் போய்க்கிட்டே இருக்குப்பா" என்பான். எல்லோரும் சிரிப்போம். நான்தான் அதிகம் சிரிப்பேன்.

ஒருமுறை மட்டும் கொஞ்சம் நெருக்கத்தில் வந்தது. இரண்டாவது வருடம், செல்போனைக் கொண்டுவந்து நீட்டினான்.

"அப்பா, இதுல அறுபதுன்னு காட்டுது. வண்டில எழுபத்திரண்டு காட்டுது. எதுப்பா சரி?"

"முப்பது வருஷமா மீட்டரோட மாரடிக்கிறேன். நீ அந்த டப்பாவை நம்பறியா, உங்கப்பனை நம்பறியா?"

"உங்களைத்தாம்பா" என்றான். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

இந்த வழக்குக்குக் காரணமான விபத்து நடந்த அன்று அவன் ஓட்டியது தன் வண்டியை அல்ல. அலுவலக வேனின் ஓட்டுநர் வரவில்லை என்று இவனிடம் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேனின் மீட்டரில் குறையே இல்லை என்று நீதிமன்றத்தில் நிரூபித்தார்கள். நிஜம்தான். வேனில் இருக்கை உயரம். உயரத்தில் உட்கார்ந்து பார்த்தால் சாலை மெல்ல நகர்வது போலத் தோன்றும். அதனால் உடம்பு எச்சரிக்கவில்லை, முள்ளைத்தான் நம்பினான். மில் வளைவில் முள்ளை அறுபதில் வைத்தான், எப்போதும் போல.

தையல் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்திருக்கிறார். பிரேக் பிடித்த இடத்திலிருந்து அவர் பதினைந்து மீட்டர் தள்ளி இருந்ததாகக் குறிப்பில் இருக்கிறது. நாற்பத்தைந்தில் போகும் வண்டி பதினொரு மீட்டரில் நின்றுவிடும். அறுபதில் போகும் வண்டிக்கு இருபது வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், நிற்கும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பலருக்கு இது தெரியாது.

இறந்துபோன அந்தப் பெண்ணின் கணவர் நீதிமன்றத்தில் என் பக்கத்திலேயே உட்காருவார். ஒருநாள், "உங்க பையனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பார்த்தா சின்ன வயசா தெரியுதே" என்றார்.

என் பிள்ளையைத் தண்டித்தது அவன் வாய்தான். "அந்த வளைவை மூணு வருஷமா அறுபதுலதான்யா எடுக்கறேன்" என்று கூண்டில் நின்று சொன்னான். தினமும் சட்டத்தை மீறியதாக அவனே ஒப்புக்கொண்டான் என்று எழுதிக்கொண்டார்கள். கடைசி ஒரு வருடத்தில் அந்த வளைவில் அவன் நிஜமாக ஐம்பதைத் தாண்டியது ஒரே ஒரு நாள். அன்றும் எப்போதும் போகிற வேகம் என்றுதான் நினைத்தான். அது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

விபத்துக்கு மறுநாள் காலை, கடையைத் திறந்ததும் அவன் காரிலிருந்து அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, சரியான அளவில் இன்னொன்று வைத்தேன். பிறகு மருமகள் அந்தக் காரை எடுத்தாள். "மாமா, முன்ன மாதிரி இல்ல. நாப்பதுலயே பறக்குது" என்றாள்.

"மனசு சரியில்லைன்னா அப்படித்தாம்மா தோணும்" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். உங்களிடம் சொன்னது அவளாகத்தான் இருக்கும். கெட்டிக்காரி.

மாதம் ஒருமுறை அவனைப் பார்க்கச் சிறைக்குப் போகிறேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே கேள்வியைக் கேட்கிறான். "எப்பவும் போற வேகம்தானேப்பா. அன்னிக்கு மட்டும் ஏன்பா நிக்கல?"

"வேன் கனம் ஜாஸ்திடா. அதான் இழுத்துட்டுப் போயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறேன். பிரேக் நன்றாக இருந்தால் கனம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஆனால் தலையாட்டினான். நான் சொன்னால் இப்போதும் நம்புகிறான். மெலிந்துவிட்டான். போன முறை கிளம்பும்போது, "காரை வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி வைங்கப்பா, பேட்டரி போயிடும். வெளிய வந்ததும் அம்மாவை எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்" என்றான். பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வெளியே வந்தால் மறுபடி ஓட்டுவான்.

சின்ன ஆதாரம் ஒன்று கிடைத்தால் போதும், மேல்முறையீட்டில் தண்டனையைக் குறைத்து வெளியே கொண்டுவந்துவிடலாம் என்றீர்கள். அது என்னிடம் இருக்கிறது. பழைய பெட்டி, கடைசியாக நான் வைத்த அளவோடு, மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு சர்வீசிலும் எவ்வளவு ஏற்றினேன் என்று தேதி போட்டு எழுதிய நோட்டும் இருக்கிறது. இரண்டும் இந்தக் கடிதத்தோடு உங்களுக்கு வந்து சேரும். அவன் விடுதலையாகிற அன்று காலை தபாலில் சேர்ப்பேன். இன்னும் நான்கு வருடம், இரண்டு மாதம்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள் அம்மா. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவன் நான். இவனையாவது பத்திரமாக வைத்திருக்கிறேன். உள்ளே சாலை கிடையாது.