பூஜையில் வைத்த சாவி

ஹாஸ்டலில் அறை பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், மேடம். பெரும்பாலோர் ஃபேன் ஓடுகிறதா, கட்டில் ஆடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிறகு மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து அழுகிறார்கள். எங்கள் பதினான்காம் நம்பர் அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் வராந்தாப் பக்கம். வெளிச்சம் குறைவுதான், ஆனால் கொசு வராது. நான் யோசித்துத்தான் அந்த அறையைக் கேட்டு வாங்கினேன்.

ஆரம்பத்திலிருந்து என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். என் பெயர் பிரவீனா. வயது பதினெட்டு. சொந்த ஊர் பாரூர். அப்பா முனிசாமி நெல்லும் கரும்பும் பயிரிடுகிறார். ஓசூரில் இன்ஜினியரிங் முதல் வருடம். ஸ்டேஷனில் என்னை யாரும் மிரட்டவில்லை, டீ கூட வாங்கிக் கொடுத்தீர்கள்.

எஸ்லினை அட்மிஷன் வரிசையில்தான் பார்த்தேன். கிருஷ்ணகிரிப் பெண். அம்மா சூசைமேரி அங்கே டீச்சர். எனக்கு முன்னால் நின்றவளின் பேனா எழுதவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன். திருப்பித் தரும்போது சொன்னாள்: “ரூம்மேட்டா யாரு வரப்போறாளோன்னு பயமா இருக்குது. உங்கள மாதிரி ஒருத்தி வந்தா நல்லாருக்கும்.” அவள் சும்மா பேச்சுக்குச் சொன்னாள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பேச்சுக்குச் சொல்வதற்கும் நிஜமாகச் சொல்வதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். நான் ப்ளஸ் டூ படித்த ஹாஸ்டலில் இரண்டு வருடத்தில் நான்கு பேர் என் அறையை விட்டுப் போனார்கள். ஒருத்திக்கு வீசிங், ஒருத்திக்கு அக்கா கல்யாணம் என்று ஆளுக்கொரு காரணம். நான் எல்லாவற்றையும் நம்பினேன். காலியான கட்டிலைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும். ஆனாலும் எங்கள் வார்டன் தாய்மொழி பார்த்துத்தான் அறை ஒதுக்குவார். “ஒரே பாஷைக்காரங்கள ஒண்ணா போட்டா, சண்ட வந்தாக்கூட என்னா சண்டன்னு எனக்குப் புரியும்” என்பார். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. படிவத்தில் ‘தமிழ்’ என்று எழுதினேன், எஸ்லின் என்ன எழுதியிருக்கிறாள் என்று எட்டிப் பார்த்துவிட்டு. அப்புறம் வார்டனிடம் போய், பதினான்கில் என்னையும் அந்தக் கிருஷ்ணகிரிப் பெண்ணையும் போடுங்கள் என்றேன். போட்டார். ஒரே ஒரு வார்த்தை மாற்றி எழுதியதற்கு இப்படி ஒரு பலன் கிடைக்கும் என்றால் யார்தான் எழுத மாட்டார்கள்?

எஸ்லினுக்குப் பத்து வயதிலிருந்து சர்க்கரை. வேளா வேளைக்கு இன்சுலின் போட வேண்டும். மருந்து டப்பா மெஸ் ஃபிரிட்ஜில் அவள் பெயர் ஒட்டி இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் போய் எடுத்துப் போட்டுக்கொள்வாள். நான் ஒரு வேளை கூட மறக்காமல் ஞாபகப்படுத்துவேன். அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது உண்டு. “எங்கம்மா தேவல” என்பாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. வீட்டிலிருந்து போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்த் தெலுங்கில் பேசிவிட்டு இறங்கி வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வாழைத்தாரோடு வந்து நின்றார். எஸ்லின் பக்கத்தில் இருக்கும்போதே தெலுங்கில் பேச ஆரம்பித்துவிட்டார். நானும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் போனதும் அவள் சிரித்தாள். “இதுக்கு ஏண்டி பொய் சொன்ன? தெலுங்குன்னே எழுதியிருந்தா நானே வார்டன் கிட்ட கேட்டிருப்பேன்ல.” பிறகு அவள் சிரிப்பு மெதுவாக நின்றது. எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

ஒன்பதாம் நம்பர் அறையில் பிரியதர்ஷினி என்று எங்கள் வகுப்புப் பெண் இருந்தாள். எஸ்லினுக்கு நீ பேசுவது பிடிக்கவில்லை என்று அவளிடம் நான் சொல்லியிருந்தேன். பிரியதர்ஷினி உன்னைச் சீக்காளி என்கிறாள் என்று எஸ்லினிடம் சொல்லியிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒத்துப் பார்த்துவிட்டார்கள். மறுநாளே எஸ்லின் அறை மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்தாள். விஜயதசமி முடிந்து வந்ததும் மாற்றித் தருவதாக வார்டன் சொன்னார். எனக்கு ஆத்திரம் வரவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாளே ஹாஸ்டல் காலியாகிவிட்டது. வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று அப்பாவை விட்டு வார்டனிடம் பேசவைத்து நான் தங்க அனுமதி வாங்கினேன். எஸ்லினுக்குப் பூஜையன்று காலையில்தான் பஸ். கீழே போய் ரெஜிஸ்டரில் ‘ஊருக்கு’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மிச்ச சாமானை எடுக்க அறைக்கு வந்தாள். மருந்து டப்பாவைக் கிளம்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று ஃபிரிட்ஜிலேயே விட்டிருந்தாள். போர்வை, பக்கெட், சுவரில் மாட்டியிருந்த சிலுவை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டிருந்தாள். சிலுவையைக் கழற்றிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. நான் வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினேன். அரை மணி நேரம் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்கட்டும் என்றுதான்.

“பிரவீனா, வெளையாடாத. பஸ்ஸுக்கு நேரமாவுது.”

எங்கள் அறையில் பிளக் வேலை செய்யாததால் போனையெல்லாம் கீழே டிவி ஹாலில்தான் சார்ஜ் போடுவோம். அவள் போனும் அங்கேதான் இருந்தது. அதன் பேட்டர்ன் எனக்குத் தெரியும். அவள் அம்மாவுக்கு, பஸ்ஸில் கூட்டம், பிரவீனாவோடு தங்கிப் படிக்கிறேன் என்று மெசேஜ் அனுப்பினேன். சூசைமேரி ஆன்ட்டி உடனே பதில் போட்டார்: ‘சரிம்மா. ஊசி மறக்காம போடு.’ நான் ‘போட்டுட்டேன்மா’ என்று அனுப்பினேன். ஒரு பூவும் சேர்த்து அனுப்பினேன். அவள் எப்போதும் பூ அனுப்புவாள்.

பத்து மணிக்குக் கீழே பூஜை. மெஸ் பார்க்கும் மூர்த்தி அண்ணன் அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் பொட்டு வைத்து, மெஸ்ஸைப் பூட்டி, சாவியைச் சாமி தட்டில் வைத்தார். ஹாஸ்டல் வேலை பார்க்கும் மாரம்மா தன்னிடம் இருந்த சாவிக் கொத்தை வைத்தாள். நானும் ஒரு சாவி வைத்தேன். மாரம்மா வீட்டில் கன்னடம். “பூஜைக்கு வெச்ச சாவிய நாளைக்கு தனகா யாரும் முட்டக்கூடாது, ஆய்த்தா?” என்றாள். முட்டுவது என்றால் அவள் பாஷையில் தொடுவது, தனகா என்றால் வரைக்கும். எனக்கு ஒரு பொட்டலம் பொரிகடலையும் எலுமிச்சை சாதமும் கொடுத்துவிட்டு ஜூஜுவாடிக்கு மகள் வீட்டுக்குப் போனாள். வார்டனும் மூர்த்தி அண்ணனும் ஊருக்குப் போய்விட்டார்கள், கேட்டில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். ரோட்டில் வாழைக்கன்று கட்டிய லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போனதில் இரண்டாம் மாடியிலிருந்து எஸ்லின் கத்தியது கீழே யார் காதிலும் விழ வாய்ப்பில்லை.

மேலே போய் ஜன்னல் வழியாக விஷயத்தைச் சொன்னேன். அறைச் சாவியும் மெஸ் சாவியும் பூஜையில் இருக்கின்றன, நாளைக்குத்தான் எடுக்க முடியும் என்றேன். அவளுக்கு எங்கள் வழக்கம் புரியவில்லை. “பாவம் எனக்கு வரட்டும்டி. சர்ச்சுல நான் சொல்லிக்கிறேன். நீ போய் மெஸ் சாவிய மட்டும் எடுத்தாந்துரு” என்று கும்பிட்டாள். அடுத்தவர் பாவத்தை அப்படியெல்லாம் வாங்கிக்கொள்ள முடியாது என்றேன்.

அன்று முழுவதும் வராந்தாவில் பாய் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இரண்டு மாதத்தில் பேசாததையெல்லாம் பேசினேன். என்னை விட்டுப் போன அந்த நான்கு பேரைப் பற்றியும் சொன்னேன். அவள் கேட்டாள். பொரியும் வெல்லமும் கம்பி வழியாகக் கொடுத்தேன், தொடவில்லை. தண்ணீர்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள். எட்டு பாட்டில் பிடித்துக் கொடுத்தேன். சாயந்திரம் வாந்தி எடுத்தாள். துடைக்கத் துணி கொடுத்தேன். அவளை நான் கவனிக்கவில்லை என்று பிரியதர்ஷினி உங்களிடம் சொன்னது பொய்.

மறுநாள் காலையில் அவள் கட்டிலில் இல்லை. ஜன்னலுக்குக் கீழே தரையில் படுத்திருந்தாள். மூச்சு வேகமாக வாங்கியது. கம்பியைப் பிடித்து எழப் பார்த்தாள், முடியவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “நான் ரூம் மாத்தல பிரவீனா. உங்கூடயே இருக்கேன். கதவ மட்டும் தொற.”

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன். இல்லை, மேடம், உண்மையை எழுதச் சொன்னீர்கள். தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும், மூச்சுச் சத்தமே நின்றிருந்தது. மத்தியானம் மாரம்மா திரும்பி வந்து, ஜன்னலோடு நான் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து அலறினாள்.

பூஜை முடியும்வரை சாவியைத் தொடக்கூடாது என்று ஒரு பெண் ஒரு நாளுக்கு மேல் காத்திருப்பாளா என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மெஸ் சாவி தட்டில் இருந்தது உண்மை. நான் இரண்டு முறை இறங்கிப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். தடுக்க யாரும் இல்லை. நான் தட்டில் வைத்தது என் பெட்டிச் சாவி. பதினான்காம் நம்பர் அறைச் சாவி முதல் நாள் காலையிலிருந்தே என் கழுத்துச் செயினில், சட்டைக்கு உள்ளே இருந்தது. எஸ்லின் கதவைத் திற என்று சொன்னபோது அதைக் கையில் எடுத்துவிட்டேன். பூட்டு வரைக்கும் கொண்டும் போனேன்.

உங்கூடயே இருக்கேன் என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. கதவைத் திறந்தால் அவள் மனசு மாறிவிடும் என்று பயமாக இருந்தது.