ஹிஸ்டமின் சொட்டு

கொசு கடித்த இடம் தடித்தால் திருப்திப்படுகிற ஆள் நான். பதினோரு வருடமாக ஒவ்வாமைப் பரிசோதனை அறையில் நர்ஸாக இருக்கிறேன், ஐயா. தடிப்புதான் எனக்குச் சோறு போட்டது.

வேலை சுலபம். முன்கையில் மூன்று சொட்டு வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசிமுனையால் லேசாகக் குத்த வேண்டும். ஒன்று உப்புத் தண்ணீர். ஒன்று, நோயாளிக்கு ஏற்றப்போகும் மருந்து. இன்னொன்று ஹிஸ்டமின். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நம் உடம்பே தயாரிக்கிற பொருள் அது. பட்டால் எந்தத் தோலும் தடித்தே ஆக வேண்டும். தடிக்காவிட்டால், ஏதோ மாத்திரை தோலை அடக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது மருந்துச் சொட்டு தடிக்காததையும் நம்பக் கூடாது. ஒரு வாரம் கழித்து வரச் சொல்ல வேண்டும்.

அன்று வந்தவள் என் நாத்தனார். ஆபரேஷனுக்காக எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். கெட்டவள் இல்லை. என் சமையலறை டப்பாக்களை உயரம் பார்த்து அடுக்கினாள். நான் உப்பைத் தேடி அலைந்தேன். "நான் வந்தப்புறம்தான் அண்ணன் வாய்விட்டுச் சிரிக்கறாரு" என்று ஒருநாள் சொன்னாள். அது உண்மைதான்.

கையை நீட்டியபடி கேட்டாள்: "நேத்து தும்மலுக்கு ஒரு மாத்திரை போட்டேன். பரவாயில்லையா அண்ணி?"

"பரவாயில்ல."

கால் மணி நேரம் ஆயிற்று. ஹிஸ்டமின் வைத்த இடம் சப்பென்று கிடந்தது. இன்னும் ஒரு வாரமா என்றுதான் நினைத்தேன்.

அவசரத்தில் தடிப்பின் அளவைத் தவறாக எழுதிவிட்டேன் என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னது பொய். அந்த இடத்தை நகத்தால் கீறினேன். சிவந்து தடித்தது. ஹிஸ்டமின் ஐந்து மில்லிமீட்டர், மருந்துக்குத் தடிப்பில்லை என்று எழுதினேன். டாக்டர் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

மறுநாள் மருந்து ஏறிய மூன்றாவது நிமிடம் அவளுக்குத் தொண்டை அடைத்தது. காப்பாற்ற முடியவில்லை. "அவ பார்த்த டெஸ்ட்டு. அவ மேல தப்பே இருக்காது" என்று என் கணவர் எல்லோரிடமும் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது, ஐயா.

பொறுமை போய் ஒரு நொடியில் செய்தது என்றுதான் எனக்கு நானே சொல்லி வந்தேன். ஆனால் முதல் கீறல் டாக்டர் வருவதற்குள் அடங்கிவிட்டது. நான் மறுபடியும் கீறினேன். அவள் கையை இன்னும் வாகாக நீட்டினாள்.

"வலிக்கல அண்ணி, நல்லாவே பண்ணுங்க."