சுலோசனா விடுதலையாகும் வரை

டிவி டிஷ் சட்டியில் மிளகாய் காயப்போடக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. யாரும் கேட்பதில்லை. நம் நாட்டில் சட்டி ஏறக்குறைய வானத்தைப் பார்த்து மல்லாந்துதான் இருக்கும். அதைக் கண்டதும் பெண்களுக்குச் சுளகு ஞாபகம் வந்துவிடுகிறது. மிளகாய்க்கே ஆகாத சட்டிக்குள் ஒரு முழு மனிதன் எதற்குப் படுத்து வந்தான் என்று நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சொல்கிறேன் ஐயா. சிங்களத்தில் எழுதுகிற தம்பிக்கும் வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். இந்தச் சோதனைச் சாவடியில் என்னை யாரும் அடிக்கவில்லை, தேத்தண்ணியும் தந்தார்கள். அதில் சாயம் குறைவு என்பதை நான் பெரிதுபடுத்தப் போவதில்லை.

என் பெயர் கந்தப்பன். டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறேன். ஹட்டனில் டிஷ் பூட்டுவதும் ரேடியோ திருத்துவதும் தொழில். இப்போது நாம் உட்கார்ந்திருக்கும் இந்த பஸ் குணரத்தினம் சேருடையது. யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு நான் மறந்துவிடக்கூடும்.

சண்டையால் அவர் ஊர்ப்பக்கம் போகவே முடியாமல் இருந்தது. தங்கை மகள் நிரூபாவைத் தவழ்கிற பிள்ளையாகப் பார்த்ததுதான். அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணம். சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதையும் திறந்துவிட்டது. தாய்மாமன் வந்து முன்னால் நின்றால்தான் தாலி என்று தங்கை புனிதவதி சொல்லியனுப்பினார். சேருக்கு நீரிழிவு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நினைத்த இடத்தில் இறங்க வேண்டும். ஆகவே ஏலத்தில் ஒரு பழைய பஸ்ஸை எடுத்து, சீட்டையெல்லாம் கழற்றி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து ஓடுகிற வீடாக்கினார். தங்குகிற இடத்தில் செய்தி பார்க்க ஒரு டிஷ்ஷும் வேண்டும் என்றார். அப்படித்தான் நான் உள்ளே வந்தேன்.

ஆறடிச் சட்டி. கூரையில் இரும்புக் கால் வைத்து, திருப்பக்கூடிய மாதிரிப் பூட்டினேன். பஸ் நின்றால்தான் படம். ஒரு சாண் அசைந்தாலும் திரையில் எறும்பு ஊரும்.

எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது. மலை மறைப்பதால் அங்கே எந்த டிஷ்ஷும் பிடிக்காது. சேரின் வீட்டில் பஸ் நிறுத்த இடமில்லாததால், தோட்டத்துக் கிளாக்கரிடம் பேசி மேலே, காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்து மேட்டில் நிறுத்த வைத்தேன். சரிபார்க்கப் பெட்டியைப் போட்டபோது தமிழ்நாட்டு நாடகம் ஒன்று ஓடியது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கதவடியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். "ஏன் வெளியிலை நிக்கிறியள்? உள்ளை வந்து இருங்கோ" என்றார் சேர். அன்றிலிருந்து சாயங்காலமானால் லயமே பஸ்ஸுக்குள்தான்.

நாடகத்தில் சுலோசனா என்று ஒரு மருமகள். மாமியார் பாலில் விஷம் கலந்து, தானே ஒரு வாய் குடித்து, பழியை அவள் தலையில் கட்டி ஜெயிலுக்கு அனுப்பிவிட்டாள். எனக்கு நாடகத்தில் ஈடுபாடு கிடையாது. லயத்துச் சனத்துக்காகத்தான் கூட இருந்து பார்த்தேன். பால் தம்ளரை மாமியார் இடது கையால் வாங்கினாள், அதை அந்த வக்கீல் கேட்கவேயில்லை. அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சேர் நல்ல நாள் பார்த்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி ஏறி உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் சுலோசனாவின் ஜாமீன் மனு. நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சன்னலடியில் போய் நின்று, "சேர், எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

எஞ்சின் நின்றது. "வெளிக்கிடேக்கை எங்கை எண்டு கேக்கலாமோ, தம்பி? இனிப் போற காரியம் உருப்படுமே?" என்று இறங்கிவிட்டார். கணக்கு வாத்தியார்தான், ஆனால் பல்லி கத்தினால் அரை நாள் நகர மாட்டார். கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி ஊருக்குத் தகவல் போயிற்று. ஜாமீன் கிடைக்கவில்லை. அதனால் நான் கேட்டது வீண் என்று ஆகிவிடாது. பார்த்ததால்தானே கிடைக்கவில்லை என்று தெரிந்தது.

இரண்டாம் தடவை எங்கள் லயத்துக் காளியாயியின் கறுப்புப் பூனை. பாதைக்கு அந்தப் பக்கம் கருவாட்டை வைத்து, இந்தப் பக்கம் பூனையை விட்டேன். அது பாதி வழியில் இளவெயிலைக் கண்டு அங்கேயே படுத்துவிட்டது. குறுக்கே போனால் ஆகாது, சரி. நடுவில் படுத்தால் என்ன பலன் என்று சேர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். எங்கேயும் இல்லை. பஞ்சாங்கத்துக்கே பிடிபடாத சகுனமென்றால் அது எவ்வளவு பொல்லாததாக இருக்கும் என்று பயந்து பாயை விரித்துவிட்டார். கல்யாணம் மறுபடியும் தள்ளிப்போனது.

என் மனைவி பூரணிக்கு மட்டும் சந்தேகம். "ஏங்க, ஒரு பொம்பளப் புள்ள கல்யாணத்துல மண்ண அள்ளிப் போடுறீங்களே, வெளங்குவீங்களா?" என்று ஏசினாள். நான் கோபப்படவில்லை. அன்று சாயங்காலம் அவளுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைத்ததும் நான்தான்.

மூன்றாம் தடவை சேர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணை நேரே வைத்துப் புறப்படுவதாகச் சொன்னார். ஒரு மனிதரை அந்த நிலைக்குக் கொண்டு வந்த பிறகு பூனையோடு மினக்கெடுவது மரியாதையல்ல. ஆற்றில் ஒரு நல்ல கல்லாக எடுத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன் சக்கரத்தடியில் நட்டேன். எங்கள் தோட்டங்களில் ரோதமுனி என்று ஒரு சாமி உண்டு. தேயிலை ஃபெக்டரியில் சுழல்கிற உருளைகளுக்கெல்லாம் அவர்தான் காவல். அவரைக் கும்பிடாமல் மெஷினைத் தொட மாட்டார்கள். சக்கரம் எங்கேயோ அவரும் அங்கே.

காலையில் கொழுந்தெடுக்கப் போன அழகம்மா கல்லைக் கண்டு, "ஆத்தாடி, ரோதமுனி வந்து குந்திட்டாரு!" என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். தப்பு மேளம் வந்தது. பூசாரி மாயாண்டிக்கு அருள் வந்தது. "ஒக்காந்துட்டேன்டா! சுலோசனா வெளிய வர்ற வரைக்கும் உருளை உருளாதுடா!" என்று ஆடினார். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சாமியும் தவறாமல் பார்க்கிறார் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் சேர் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். "அந்தப் பிள்ளையின்ரை கலியாணத்தைப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கேல்லை, கந்தப்பன்" என்றார். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. விளம்பரம் வந்த நேரத்தில் எழுந்துபோய் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

பிறகு புனிதவதி அம்மாவே கிளம்பி வந்துவிட்டார். பெண்ணைப் பெற்றவர், கல்யாண வேலையை அப்படியே போட்டுவிட்டு, பஸ்ஸும் ரயில் கோச்சியுமாக ஹட்டனில் வந்திறங்கி மேடேறி வந்தார். அண்ணனும் தங்கையும் கட்டிப் பிடித்து அழுததைப் பார்த்து லயமே அழுதது. நாடகத்தில்கூட அப்படி ஒரு காட்சி வந்ததில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுக் கல்லைப் பார்த்தார்.

"முனியோ? நல்லது. தூக்கி உள்ளை வையுங்கோ. அவரும் கலியாணத்துக்கு வரட்டும்" என்றார்.

ஐயா, எனக்கு இது தோன்றவேயில்லை. கல்யாணத்துக்கு அழைத்தால் எந்தச் சாமி மாட்டேன் என்று சொல்லும்? மாயாண்டியே கல்லைத் தோளில் சுமந்து கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தார். அதோ, பட்டுத் துண்டு போர்த்தி இருக்கிறதே, நீங்கள் குண்டு என்று நினைத்தது, அதுதான்.

முகூர்த்தம் நாளைக் காலை. இன்று மாலை இந்தச் சாவடி மூடும் முன்னே தாண்டிவிட்டால் போய்ச் சேரலாம், தவறினால் போயிற்று. அம்மா இதை எல்லோரிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார். ஆனால் சுலோசனாவுக்கு இன்று மாலைதான் தீர்ப்பு. அதனால் அவர்கள் புறப்படும் முன்பே கூரையில் ஏறிச் சட்டிக்குள் சுருண்டுகொண்டேன். கண்டி வரை குளிரில் விறைத்தேன். மாத்தளை தாண்டியதும் ரொட்டிச் சட்டியாகிவிட்டது. ஒரு பக்கம் வெந்ததும் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

இனி நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்கள் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. கூரையை யாரும் ஏறிப் பார்க்கவில்லை. சேரின் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பாதைத் தடுப்புத் தடியை உயர்த்தினார்கள், போகச் சொன்னார்கள். பஸ் உருளத் தொடங்கியது. உருண்டால் படம் வராது. ஆகவே நானே எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தூக்கி, "இங்க இருக்கேன்" என்று கூப்பிட்டேன். சட்டிக்குள் ஆளைக் கண்டால் இது செய்தி அனுப்புகிற கருவியோ என்று சந்தேகிப்பீர்கள், வெறும் டிவிதான் என்றால் போட்டுக் காட்டு என்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சொன்னீர்கள். சட்டியைத் திருப்பி, டிவியைப் போட்டுக் காட்டினேன். முதலிலிருந்து விபரமாகச் சொன்னால், எழுதி முடிக்கிறவரை பஸ்ஸை விடமாட்டீர்கள் என்றும் தெரியும்.

இப்போது சாவடிக் கதவை இழுத்து மூடியது எனக்கும் கேட்டது. வெளியே புனிதவதி அம்மா, "என்ரை பிள்ளை மணவறையிலை காத்துக்கொண்டு இருக்கப்போகுது" என்று தலையிலடித்துக்கொள்வதும் கேட்கிறது. வருந்துகிறேன். வருந்தினான் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணத்தை இன்னொரு நாள் வைக்கலாம். தீர்ப்பை ஒரு நாள்தான் சொல்வார்கள்.

எனக்காக நான் எதையும் செய்யவில்லை ஐயா. லயத்தில் இன்று பஸ் இல்லை, படம் இல்லை. அவ்வளவு சனமும் சுலோசனாவுக்கு என்ன ஆனதோ என்று தவித்துக்கொண்டிருக்கும். யாராவது ஒருவன் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டாமா? தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள், மறைக்கிறது. நீதிபதி வந்துவிட்டார்.