மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவர்

பெயர்: வே. பானுப்ரியா. வயது: 22. தகப்பனார் பெயர்: வேதாசலம். முகவரி: ஓடைக்கரைத் தெரு, திருத்தணி வட்டம். கல்வி: பி.காம். தொழில்: இ-சேவை மையத்தில் கணினிப் பணி.

கோட்டாட்சியர் அவர்களின் விசாரணைக்காக எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்.

வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்று எழுத்தர் சொன்னார். எனக்கு அதிகாரிகள் முன்னால் பேச்சு பாதியில் நின்றுவிடும். அதனால் நானே எழுதித் தருகிறேன். பக்கம் கூடினால் மன்னிக்கவும்.

நான் மேற்கண்ட முகவரியில் தாய் எல்லம்மாள், தகப்பனார் ஆகியோருடன் வசிக்கிறேன். தகப்பனார் திருவாலங்காடு பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர். எந்த வழக்கிலும் தண்டனை பெற்றவர் அல்ல. எங்கள் சாதியில் பிறந்தவர்கள் எல்லாரும் குற்றவாளிகள் என்று வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. அதை நீக்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் காவல் நிலையத்தில் எங்கள் தெரு ஆண்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. தகப்பன் இறந்தால் மகன் பெயர் அதில் ஏறும். ஒவ்வோர் ஆண்டும் ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பாகப் பட்டியலில் உள்ளவர்கள் பாயை எடுத்துக்கொண்டு தாமாகவே நிலையத்துக்குப் போய்விடுவார்கள். கிருத்திகையன்று தொடங்கும் மூன்று நாள் தெப்பம் முடியும்வரை பின்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு வீட்டிலிருந்து போகும். இதற்கு வழக்கு எண் கிடையாது, கைது ஆவணம் கிடையாது. எங்கள் தெருவில் இதற்கு 'ஆடிக்கு உட்காருவது' என்று பெயர். ஐந்தாம் வகுப்பு வரையில் எல்லா ஊரிலும் அப்பாக்கள் ஆடிக்கு உட்காருவார்கள் என்றே நான் நினைத்திருந்தேன்.

இந்த ஆண்டும் பதினான்கு பேர் போய் உட்கார்ந்தார்கள். கிருத்திகையன்று காலை பத்து மணிக்கு நான் இட்லி கொண்டுபோனேன். தகப்பனார் வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தார். "சட்னி காரமாக் கீதும்மா" என்றார். அதன் பிறகு நான் வேலைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் நிலையத்துக் காவலர் ஒருவர் எங்கள் மையத்துக்கு வந்து, நிலையத்தில் பிரிண்டர் பழுது என்று சொல்லி, கைப்பேசியிலிருந்த ஒரு படத்தை அனுப்பி இரண்டு பிரதி கேட்டார். மேலதிகாரிக்கு அனுப்பும் கோப்புக்கான படம். அதில் பதினான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். படத்தின் கீழே கிருத்திகையன்றைய தேதி, இடம், முற்பகல் 11.12 என்ற நேரம் எல்லாம் பதிவாகியிருந்தன. அரசுத் திட்டத்தில் வீடு கட்டுகிறவர்களின் அஸ்திவாரத்தைப் படமெடுக்கும் அதே செயலியில் எடுத்தது. நான் யார் மகள் என்று காவலருக்குத் தெரியாது. "நல்லா தெளிவா எடும்மா, மூஞ்சி எல்லாம் தெரியணும்" என்றார். தெளிவாகவே எடுத்துக் கொடுத்தேன்.

வாடிக்கையாளரின் கோப்பை உடனே அழித்துவிட வேண்டும் என்பது மைய உரிமையாளர் வாஹித் அவர்களின் கண்டிப்பான விதி. அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. இது குற்றம் என்றால் என் பெயரில் எழுதிக்கொள்ளவும். வாஹித் அவர்களுக்கு இதில் சம்பந்தமில்லை.

தெப்பம் முடிந்து எல்லாரும் வீடு திரும்பினார்கள். அடுத்த நாள் காலை என் தகப்பனாரைக் கைது செய்தார்கள். கிருத்திகையன்று முற்பகல் பதினொன்றேகால் மணிக்குச் சரவணப் பொய்கைப் படியில் ஒரு பெண்மணியின் சங்கிலியை அறுத்ததாக வழக்கு. பொய்கைக் கரையில் போட்டிருந்த தற்காலிகப் புறக்காவல் நிலையத்தில் இருந்தவர்கள் திருவிழாப் பணிக்காக வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர்களிடமும் அதே பட்டியலின் நகல் இருந்தது. அதிலிருந்து ஒரு பெயரை எடுத்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள அத்தனை பேரும் அந்த நேரத்தில் நிலையத்துக்குள்ளேயே இருப்பார்கள் என்ற ஊர் வழக்கம் அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த உள்ளூர் நிலையத்தார் வாய் திறக்கவில்லை. திறந்தால் உட்கார வைத்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்று மாலை நீதிமன்ற வராந்தாவில் எங்கள் தெரு தணிகாசலம் மாமா என்னிடம், "ஒத்துக்கினா கொஞ்ச நாள்ல வந்துடலாம். இல்லன்னா வருசக்கணக்கா அலையணும். இதெல்லாம் நமக்குப் புதுசாம்மா?" என்றார்.

தகப்பனாரும், "வுடும்மா, ஒத்துக்கினு போறேன். எனுக்காக நீ அலைஞ்சிகினு இருந்தா உன் வேலை போயிடும்" என்றார்.

"நீ ஸ்டேசன்ல குந்திகினு இருந்தே நைனா. ஒரே ஆளு ரெண்டு எடத்துல எப்டி இருக்க முடியும்?" என்று கேட்டேன்.

"நம்மாளுங்க இருப்பாங்கம்மா. பதினாலு பேர்தான், ஆனா திருட்டு எங்கெங்க நடக்குதோ அங்கெல்லாம் இருப்பாங்க" என்றார் மாமா. அந்த நிலையிலும் நைனா சிரித்துவிட்டார்.

அதன் பிறகு தகப்பனாரை நடுவர் அம்மா அவர்கள் முன் நிறுத்தினார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நடுவர் கேட்டார். தகப்பனார் கை கூப்பினார். அவர் வாய் திறப்பதற்குள் நான் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். "உட்காரும்மா" என்று ஊழியர் அதட்டினார். உட்காரவில்லை. குரல் வராததால், மையத்தில் பிரதி எடுத்து வந்திருந்த அந்தப் படத்தை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். நடுவர் என்னை முன்னால் கூப்பிட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தார். கீழே இருந்த நேரத்தை இரண்டு முறை பார்த்தார். பிறகு, மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்டார். மையத்துக்குப் படம் கொண்டுவந்த காவலர் கதவோரம் நின்றிருந்தார்.

"வேதாசலம்தாங்கம்மா. நான்தான் எடுத்தேன்" என்றார்.

"எங்கே?"

"ஸ்டேசன் பின்கட்டுலங்கம்மா."

"எந்த வழக்கில்?"

"வழக்கு இல்லீங்கம்மா. சும்மா உக்கார வெச்சிருந்தோம்."

"எத்தனை நாள்?"

"அஞ்சு நாளுங்கம்மா."

நீங்கள் வைத்திருந்த ஆள் உங்களிடமிருந்தபடியே பொய்கைக்குப் போய்ச் சங்கிலி அறுத்தாரா என்று நடுவர் கேட்டார். வழக்கறிஞர்கள் சிரித்தார்கள். நடுவர் தகப்பனாரைக் காவலுக்கு அனுப்ப மறுத்து அங்கேயே விடுவித்தார். ஐந்து நாள் உட்கார வைத்தது பற்றித் தனியே விசாரிக்கவும் எழுதினார். அந்த உத்தரவின்படியே இந்த விசாரணை நடக்கிறது.

வெளியே எங்கள் தெருவே நின்றிருந்தது. தகப்பனார் படி இறங்கியதும் தணிகாசலம் மாமா "அரோகரா!" என்று கத்தினார். எல்லாரும் கத்தினார்கள். பாராவில் நின்ற காவலர்கூடத் தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் தாய் என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்து, "பி.காம்னா இதான் படிப்பாடி? மொதல்லியே சொல்லியிருந்தா பத்தாவதோட நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேனே!" என்றார். அன்று நாங்கள் வழக்கமாக ஒதுங்கிப் போகும் ஓடை வழியாகப் போகவில்லை. கடைத்தெரு நடுவே நடந்து போனோம்.

நான் எழுதியதை நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தவிர வேறு எதையும் சேர்க்கவில்லை. இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் அதற்கு நான் பொறுப்பு.

கையொப்பம் இடும் முன் ஒரு வேண்டுகோள். என் தகப்பனார் மேல் பொய் வழக்கு எழுதியதால்தான் அவர் நீதிமன்றம் ஏற முடிந்தது. மற்ற பதின்மூன்று பேர் மேல் வழக்கே இல்லாததால் அவர்களுக்காகக் கேட்க ஆளில்லை. அவர்கள் பெயர்களை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவர்களையும் கூப்பிட்டு விசாரியுங்கள். பிறகு அந்தப் பட்டியலைக் கிழித்து, இனி எங்கள் தெருவில் யாரும் ஆடிக்கு வந்து உட்கார வேண்டியதில்லை என்று முத்திரையிட்ட ஓர் உத்தரவு தாருங்கள். உட்கார வைத்ததற்கு ஒருநாளும் எழுத்து இருந்ததில்லை. வேண்டாம் என்பதற்காவது எழுத்து வேண்டும்.

(ஒப்பம்)
வே. பானுப்ரியா