அரைக்கட்டை ஏற்றம்

பிப்ரவரி மாதத்தில் சிகாகோவுக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. நடிப்பும் இசை நாடகமும் படிக்க நினைக்கும் பிள்ளைகள்தான் வருவார்கள். நாடு முழுவதிலும் இருந்து கல்லூரிகள் வந்து ஒரே ஹோட்டலில் ஆளுக்கொரு அறை பிடித்து ஆடிஷன் நடத்தும். நடைவழி முழுக்கப் பிள்ளைகள் சுவரைப் பார்த்து நின்று குரல் பழகுவார்கள். அம்மாக்கள் பிளாஸ்கில் வெந்நீரும் தேனும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஹோட்டலின் ஐந்தாவது மாடியில் பத்தொன்பது வருடங்களாக உங்கள் கல்லூரிக்காகப் பியானோ வாசித்தேன். ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

வேலை என்னவென்று இந்த விசாரணைக் குழுவில் எல்லோருக்கும் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு பிள்ளை உள்ளே வரும். பாட்டின் ஸ்வரங்கள் எழுதிய நோட்ஸ் தாளை என் முன்னால் வைக்கும். எந்த வேகம் என்று மெதுவாகப் பாடிக் காட்டும். பிறகு நடுவில் போய் நின்று பெயரைச் சொல்லும். அதற்குக் கிடைப்பது தொண்ணூறு விநாடி. எதிரே மேஜையில் மூன்று பேர். அவர்களில் மூத்தவர் பேராசிரியர் ஹெஸ்டர் மல்வேனி. அவர் முன்னால் பிள்ளையின் புகைப்படம் இருக்கும், நோட்ஸ் இருக்காது. எந்தச் சுருதியில் பாட்டு எழுதப்பட்டிருக்கிறது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு நாளைக்கு எழுபது, எண்பது பேர். மதியத்துக்கு மேல் மேஜையில் இருக்கிறவர்களுக்குக் காது அடைத்துவிடும். எனக்கு அடைக்காது. எட்டு வருடங்களுக்கு முன் சாப்பாட்டு இடைவேளையில் ஹெஸ்டரிடம் சொன்னேன், காலையில் மூன்றாவதாக வந்த பையனை விட்டுவிடாதீர்கள், அவன்தான் இன்றைக்கு வந்ததிலேயே நல்ல குரல் என்று. அவர் சாண்ட்விச்சைக் கீழே வைக்கவில்லை.

"வென்டெல், நீங்க வாசிங்க. கேக்கறது எங்க வேலை."

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பையனை அவர்கள் எடுக்கவில்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நடந்தது நடந்தபடி தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு பையன் வந்தான். வேகம் சொல்வதற்கு என் முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்கினான், நாயைக் கூப்பிடுவதுபோல. எங்கள் தொழிலில் அதைச் செய்யக் கூடாது என்று குழந்தைக்கும் தெரியும். அவன் பாட்டின் சுருதியை அரைக்கட்டை ஏற்றி வாசித்தேன். பியானோவில் ஒரு விசை தள்ளி, அவ்வளவுதான். உச்சிக்குப் போகும்போது அவன் குரல் உடைந்தது. ஹெஸ்டர் நன்றி சொல்லி அனுப்பினார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மாலை நல்ல பசி எடுத்தது எனக்கு. வெகு நாளைக்குப் பிறகு.

ஆரம்பத்தில் மரியாதை இல்லாதவர்களுக்கு மட்டும் செய்தேன். பிறகு, அதிகக் கட்டணம் வாங்கும் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுத்த அதே புன்னகையோடு வருகிறவர்களுக்கு. பிறகு ஒரு விஷயம் புரிந்தது. அரைக்கட்டை ஏற்றத்தைத் தாங்க முடியாத குரல் வாரத்துக்கு எட்டு மேடை ஏறும் வாழ்க்கையை எப்படித் தாங்கும்? மேஜையில் இருந்தவர்கள் வைக்காத பரீட்சையை நான் வைத்தேன். அதில் தேறியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். யாரும் தேறவில்லை. வருகிற பிள்ளைகளின் தரம் இறங்கிப்போயிருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

இனி கோரலி ஹாஃப்மன் விஷயம். அதற்காகத்தானே கூப்பிட்டிருக்கிறீர்கள்.

போன வருடம் அவள் முதல் முறை வந்தாள். அயோவாவில் ஒரு சின்ன ஊர். அம்மா ஜனீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஏழு மணி நேரம் பனியில் காரில் வந்திருந்தார்கள். கோரலிக்குப் பதினேழு வயது, காலில் யாரிடமோ இரவல் வாங்கிய ஷூ. தாளை வைத்துவிட்டு, "நான் வேகமாப் போயிட்டா கூடவே வந்துடாதீங்க சார், இழுத்துப் பிடிங்க" என்றாள். நல்ல பெண். ஆனால் முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் குரலைச் சொல்லித்தர முடியாது, அது பிறக்கும்போதே வர வேண்டும். பாதி வரியில் ஹெஸ்டரும் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. ஹெஸ்டருக்கே கேட்கிறதென்றால் நான் எதற்கு? அந்தப் பரீட்சைக்காக அன்று தாளில் இருந்ததற்கு அரைக்கட்டை மேலேதான் தொடங்கியிருந்தேன், அதை இறக்கவும் இல்லை. முடிவில் அவள் குரல் பிசிறியது. ஹெஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். வெளியே போகும்போது அவளைப் பார்த்து நான் புன்னகைத்தேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று.

எந்தக் கல்லூரியும் அவளை எடுக்கவில்லை. அடுத்த அறைகளில் வேறு ஆட்கள் வாசித்தார்கள், அங்கே நான் பொறுப்பில்லை. என் அறையில் உடைந்த பிறகு மற்ற அறைகளில் பயந்து பயந்து பாடினாள் என்று இப்போது சொல்கிறீர்கள். இருக்கலாம்.

இந்த பிப்ரவரியில் மறுபடி வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. காகிதப் பையில் வீட்டில் செய்த ஓட்ஸ் பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள்.

"சார், போன வாட்டி இந்த ரூம்ல என்னைப் பாத்து சிரிச்சது நீங்க ஒருத்தர்தான். ஒரு வருஷமா பேக்கரில வேலை பாத்துக்கிட்டே பாட்டு கத்துக்கிட்டேன். எனக்கு மேல எட்டாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதனால டீச்சர் ஒரு கட்டை இறக்கி எழுதிக் குடுத்துட்டாங்க. இப்போ பயமில்ல."

அவளுக்கு மேலே எட்டும். இல்லாத குறையை ஒரு வருடம் உட்கார்ந்து திருத்தியிருக்கிறாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? அவள் அழுதிருப்பாள், நேரம் தவறியிருக்கும், வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள்.

தாளில் இருந்ததற்கு இரண்டு கட்டை மேலே தொடங்கினேன். போன முறை அவள் உடைந்த இடத்தையும் தாண்டி.

அவள் பாடினாள். நேர்மையாகச் சொல்கிறேன், பத்தொன்பது வருடங்களில் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. உச்சி வந்தது, ஏறினாள், நின்றாள். கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் குரல் அசையவில்லை. ஹெஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் பரீட்சையில் முதன்முதலாக ஒருத்தி தேறிவிட்டாள். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்பது உங்கள் கருத்து. புரிகிறது.

கடைசி வரி இன்னொரு முறை வரும். அதற்கு முன்னால் இரண்டு தாளத் தட்டுக்குள் சுருதி மாற்றுவது பழகிய கைக்கு ஒன்றுமே இல்லை. இன்னும் அரைக்கட்டை ஏற்றினேன். அவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். தான் எதையோ மறந்துவிட்டோமோ, இப்படித்தான் வர வேண்டுமோ என்று கேட்பதுபோல இருந்தது. பிறகு என்னை நம்பி என் பின்னாலேயே ஏறினாள்.

நூல் அறுவதுபோல் நின்றது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் மீதியை வாசித்து முடித்தேன். பாட்டைப் பாதியில் விடுவது என் பழக்கம் இல்லை.

"நன்றி, கோரலி," என்றார் ஹெஸ்டர். பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டார்.

தாளை வாங்க என்னிடம் வந்தாள். வெறும் காற்றாகத்தான் பேச முடிந்தது அவளால். "மன்னிச்சிடுங்க சார். உங்க வாசிப்பைக் கெடுத்துட்டேன்."

பரவாயில்லை என்றேன்.

குரல்நாணில் இரத்தம் கட்டி, அது தழும்பாகிவிட்டது என்று மருத்துவர் எழுதிய தாளை எனக்கும் காட்டினீர்கள். இரண்டு முறை அறுவை சிகிச்சை. பேசலாம், பாட முடியாது. அவள் தன் டீச்சருக்குப் போட்டுக் காட்ட கைப்பேசியில் பதிவுசெய்திருக்கிறாள். அறைக்குள் பதிவு செய்யக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறது. அது இருக்கட்டும். டீச்சர் அதைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பதிவில் உள்ளது என் வாசிப்புதான். கை தவறியதா என்று உங்கள் வக்கீல் கேட்டார். என் கை தவறியதே இல்லை.

நேற்று ஜனீன் இங்கே எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பேருந்து ஓட்டும்போது போடும் அதே மஞ்சள் ஜாக்கெட். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை.

"எம் பொண்ணு உங்களுக்கு என்ன பண்ணினா? அதை மட்டும் சொல்லுங்க. அவ என்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா, நான் என்ன தப்பு பண்ணேம்மான்னு."

யோசித்துப் பார்த்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. நன்றாகப் பாடினாள் என்றேன். அந்த அம்மா எழுந்து போய்விட்டார். உண்மையைச் சொன்னால் சிலருக்குத் தாங்காது.

ஆக, செய்தது நான்தான். விரல் சொடுக்கிய பையனிலிருந்து கோரலி வரை, தெரிந்தே, ஒவ்வொரு முறையும். எங்கே வேண்டுமோ கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பிப்ரவரிக்குப் பியானோவுக்கு ஆள் பார்க்கும்போது அவசரப்பட்டு யாரையாவது போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே உள்ளே வருகிறார்கள், அவர்கள் பக்கம் நிற்க அந்த அறையில் பியானோக்காரனை விட்டால் வேறு யாரும் இல்லை.