காப்பி தீஞ்சுபோச்சு

எங்கள் அலுவலகத்தில் காப்பி என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று குடிப்பது, இன்னொன்று நான் போடும் நகல். இரண்டும் சூடாகத்தான் வரும் என்பதால் குழப்பம் சகஜம். ஹாலிலிருந்து "ரெண்டு காப்பி, சீக்கிரம்" என்று குரல் வந்தால் கதவிலிருந்து தலையை நீட்டி, "குடிக்கவா, கோர்ட்டுக்கா?" என்று கேட்பேன். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் அப்படிப்பட்ட ஆள்தான் ஐயா. உங்கள் அறிக்கையைப் படித்தால் அது தெரியாது.

அறிக்கையைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடாமலே வந்திருக்கிறேன். 'விபத்து. காரணம், இயந்திரத்தை இயக்கியவரின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிட்டீர்கள். விபத்து என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தக் 'கவனக்குறைவு' தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. அதை நீங்கள் அடித்தாக வேண்டும். அதற்கு, என் வேலை என்ன, அதை எப்படிச் செய்தேன் என்று முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களிடம் இருந்தது பழைய மாதிரி மெஷின். பொத்தானை அமுக்கினால் தாள் வந்து விழுகிற ரகம் இல்லை. எல்லாம் கை வேலை. பத்திரத்தையோ சர்டிபிகேட்டையோ பெட்டியில் வைத்து ஒரு தகட்டில் படம் பிடிக்க வேண்டும். தகட்டின் மேல் கருப்புத் தூளைக் கொட்டி, சல்லடை மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் தூள் நிற்கும், மற்றது உதிரும். அதன் மேல் வெள்ளைத்தாளை வைத்து எடுத்தால் எழுத்து தாளுக்கு வந்துவிடும்.

வந்துவிடும் என்றால், சும்மா உட்கார்ந்திருக்கும். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி மாதிரி. ஊதினால் எழுந்து போய்விடும். அதைத் தட்டில் வைத்து மின் அடுப்பில் தள்ளினால்தான் தூள் உருகித் தாளுக்குள் இறங்கும். பிறகு நகத்தால் சுரண்டினாலும் வராது. இதைத்தான் நாங்கள் சுடுவது என்போம். "என் சர்டிபிகேட்டைச் சுட்டுட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டால், பக்கத்தில் நிற்கும் புது ஆள் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

குறைவாகச் சுட்டால் எழுத்து சட்டையில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு முன்னால் இருந்தவர் சுட்ட பத்திரம் ஒன்றில், ஆள் வீடு போய்ச் சேர்வதற்குள் சாட்சிகள் இரண்டு பேரும் காணாமல் போய்விட்டார்கள். அதிகம் சுட்டால் தாள் பழுத்து, கருகி, பற்றிக்கொள்ளும். இடையில் ஒரு பதம் இருக்கிறது. அது மூக்குக்குத்தான் தெரியும். என் மூக்கு தப்பியதே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. கவனக்குறைவு என்று எழுதியது உங்கள் கை.

சரி, சகலைக்கு வருகிறேன். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். அங்கே தலைமை எழுத்தர். என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். அதை அவர் மறந்ததே இல்லை, பிறரையும் மறக்கவிட்டதில்லை. அலுவலகத்தில் அவருக்குத் 'தும்மல்' என்று பெயர். தூள் மூக்கில் ஏறினால் கூரை அதிரத் தும்முவார். ஹாலிலிருந்து டைப்பிஸ்ட் அக்கா தட்டச்சை நிறுத்தாமலே "நூறாயுசு!" என்று வாழ்த்துவார். அடுத்த தும்மலுக்கு இன்னொரு நூறு. கணக்குப்படி அவர் ஆயிரக்கணக்கான வருஷம் இருக்க வேண்டிய மனுஷன்.

முதலில் அது நிஜத் தும்மல்தான். நான் தட்டில் தாளை வைத்து அடுப்புக்குக் கொண்டு போகும் நேரம் பார்த்து வரும். தாளில் இருந்த எழுத்தெல்லாம் என் சட்டைக்கு வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து செய்வேன். போகப் போகத் தும்மல் எனக்குப் பழகிவிட்டது. எது மூக்கிலிருந்து வருகிறது, எது மனதிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் எதிரில் நின்றால் கட்டாயம் வரும்.

"என்ன சகல, மறுபடியும் வெள்ளைத்தாளக் குடுக்கிற? பத்திரம் கேட்டா பஞ்சாங்கம் குடுத்தாலும் பரவால்ல, வெறுந்தாளக் குடுக்கிறியே" என்பார் மூக்கைத் துடைத்துக்கொண்டே. நானும் சிரிப்பேன். பெரிய சகலை. என்ன செய்வது?

தீ விஷயத்துக்கு வருகிறேன். மெஷின் வந்த புதிதில் ஒருநாள் தாள் அடுப்புக்குள் சிக்கிப் பற்றிக்கொண்டது. அது நிஜமாகவே மெஷின் செய்த வேலை. "நெருப்பு!" என்று கத்தினேன். அடேயப்பா, என்ன ஓட்டம். மேனேஜர் சாப்பாட்டுக் கூடையோடு தெருவில் நின்றார். டைப்பிஸ்ட் அக்கா தட்டச்சு இயந்திரத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். யாரோ ஒரு வாளி மணலை என் தலையில் கொட்டினார்கள்.

மறுநாள் மெஷின் விற்ற கம்பெனியின் ஆள் ஒரு சிவப்பு உருளையைக் கொண்டுவந்தார். தீயணைப்பானா என்று கேட்டதற்கு முகம் சுளித்தார். "அப்படிச் சொல்லக்கூடாது சார். இது கருகல் நிவாரணி." மேனேஜருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போய் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாருப்பா, இனிமே அந்த வார்த்தையச் சொல்லாத. வந்தவன் பூரா ஓடிட்டா யாருக்குக் கடை நடத்துறது? வேற ஏதாவது சொல்லு, நமக்கு மட்டும் புரியுற மாதிரி."

"காப்பி தீஞ்சுபோச்சுன்னு சொல்லட்டுமா சார்?"

"அது நல்லாருக்கு. வீடு மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து அதுதான். தாள் பற்றினால் "காப்பி தீஞ்சுபோச்சு" என்று குரல் கொடுப்பேன். மேனேஜர் ஜன்னலைத் திறக்கச் சொல்வார். நான் நிவாரணியை ஒரு பீய்ச்சு பீய்ச்சுவேன். வந்திருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பெரியவர், "எனக்கு வேணாம் தம்பி, வீட்லயே குடிச்சிட்டுதான் வந்தேன்" என்றார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சகலை நல்ல உற்சாகத்தில் இருந்தார். புது மெஷின் வருகிறதாம். தானே தூள் போட்டுத் தானே சுட்டு வெளியே தள்ளுமாம். மேனேஜரிடம் பேசி வாங்கவைத்ததே அவர்தானாம். என் மாமனார், "அப்ப சின்ன மாப்பிள்ளை வேலை?" என்று கேட்டார்.

"அதெல்லாம் போகாது மாமா, நான் இருக்கேன்ல? இத்தன நாளா காப்பி போட்டான். இனிமே காப்பி வாங்கிட்டு வருவான். வேலையோட பேருகூட மாறல பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்துக்கொண்டே இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை. யார் சொன்னாலும் நல்லதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு தாள்கள் கொஞ்சம் அடிக்கடி கருக ஆரம்பித்தன.

என் மூக்கு எப்போதும் போலச் சரியாகத்தான் இருந்தது. பதம் வந்ததும் தெரியும். தெரிந்தும் இன்னும் கொஞ்சம் விட்டுவைப்பேன், அவ்வளவுதான். முதலில் குரல் கொடுத்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். பிறகு எட்டிப் பார்ப்பது நின்றது. டைப்பிஸ்ட் அக்கா தலையைத் தூக்காமல், "சக்கரை கொஞ்சம் தூக்கலா போடுங்க" என்பார். அதற்கு ஹாலே சிரிக்கும். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. புகை ஹாலுக்கு வந்தாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மனுஷர்களைப் பழக்குவது தாளைச் சுடுவது மாதிரிதான். அவசரப்படக்கூடாது. ஒட்டியிருக்கிறதா என்று நடுவில் விரலை வைத்துப் பார்க்கவும் கூடாது.

அந்தச் சிவப்பு உருளையும் ஒருநாள் தீர்ந்தது. தீர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இடத்தை நீங்களே பார்த்தீர்கள். ஹாலை அடுத்து என் அறை. என் அறைக்குப் பின்னால் காகிதக் கிடங்கு. கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. ஈரக்காற்று பட்டால் தாள் நமுத்துவிடும். உள்ளே போக வர ஒரே கதவு, அதுவும் என் அறைக்குள் திறப்பது. தாழ்ப்பாள் என் பக்கம். தட்டில் தூள் இருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் காற்றடித்து எழுத்து பறக்கும், அதனால் வேலை நேரத்தில் போட்டுவைப்பது வழக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சகலை அங்கேதான் காகிதக் கட்டுகளின் மேல் காலை நீட்டித் தூங்குவார். அவருக்காகவே தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன். கிறீச்சிட்டால் தூங்குகிறவர் முழித்துக்கொள்வார் இல்லையா.

புது மெஷின் வருவதற்கு முந்தின நாள். அவர் வழக்கம் போலச் சாப்பிட்டு உள்ளே போனார். "மூணு மணிக்கு எழுப்பு சகல. நாளைக்கு இருந்து காப்பியோட எழுப்பு" என்றார். குறட்டை வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டேன். சத்தமே இல்லை.

அன்றைக்கு அடுப்பில் ஒரு தாள் போதாது என்று தோன்றியது. ஒரு கட்டாகவே வைத்தேன். கழித்த தாள்கள் கிடந்த கூடை கிடங்குக் கதவை ஒட்டி இருந்தது. அதை அங்கே வைத்ததும் நான்தான், கேட்டுவிடாதீர்கள். கட்டு பற்றியது, அதிலிருந்து கூடையும் பற்றியது.

குரல் கொடுத்தேன். "காப்பி தீஞ்சுபோச்சு!"

"சக்கரை தூக்கலா போடுங்க" என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

கதவுக்குப் பின்னாலிருந்து தூக்கக் கலக்கத்தில் சகலையின் குரல் வந்தது. "உன் மூஞ்சி மாதிரியாடா?" பிறகு அவர் புரண்டு படுப்பது கேட்டது. அப்போது எழுந்திருந்தால், கதவைத் தட்டியிருந்தால், யார் கண்டது, என் மனசு மாறியிருக்கலாம். அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை குரல் கொடுத்தேன். "சரி சரி, ஜன்னலத் திறங்கப்பா" என்றார் மேனேஜர். மூன்றாம் தடவையும் கொடுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் உள்ளே தும்மல் ஆரம்பித்துவிட்டது. நிஜத் தும்மல். எனக்கு வித்தியாசம் தெரியும் என்றேனே. ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. ஹாலிலிருந்து டைப்பிஸ்ட் அக்காவும் விடாமல் "நூறு... நூறு..." என்று எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில், "என்ன சார், சதத்துக்கு மேல சதமா அடிக்கிறீங்க!" என்றார். இப்போது யாராவது தும்மினால் அந்த அம்மா எழுந்து வெளியே போய்விடுகிறாராம். பாவம். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. என்ன, கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

கதவைத் தட்டும் சத்தமும் கேட்டது. கேட்கவில்லை என்று முன்பு உங்கள் விசாரணையில் சொன்னேன், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஹால் வழியாக எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வெளியே போனேன். "எங்கப்பா?" என்று கேட்டார் மேனேஜர். "காப்பி வாங்க சார். நாளைக்கு இருந்து இதுதான வேலை, பழகிக்கிறேன்" என்றேன். ஹாலே சிரித்தது. கடையில் எல்லோருக்கும் சொன்னேன். சகலைக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல் தனியாக. அவருக்கு ஆகாது.

திரும்பி வரும்போது புகை தெருவுக்கு வந்திருந்தது. மேனேஜர் காலி உருளையை வைத்துக்கொண்டு அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலில் இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதுதான் பதம்.

என் மனைவியின் அக்கா, "அவர் கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டார். "தூக்கத்துலயே போயிட்டாருக்கா" என்றேன். வீட்டில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதுவும் அந்த அக்காவின் மனசுக்காக. இப்போது வீட்டுக்கு ஒரு ஆண் என்று நான்தான் போய் வருகிறேன். புது மெஷினையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பரவாயில்லை, ஓரளவு நன்றாகத்தான் சுடுகிறது.

ஆக, கவனக்குறைவு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். அந்த வார்த்தையை அடித்துவிட்டு வேறு எது வேண்டுமானாலும் எழுதுங்கள். எத்தனை தடவை குரல் கொடுத்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எச்சரிக்கவில்லை என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிடக் கூடாது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். ஆள் சாகக் கிடக்கும்போது ஏன் நெருப்பு என்று கத்தவில்லை என்றா கேட்கிறீர்கள்?

"கத்தியிருந்தா எல்லாரும் வந்திருப்பாங்களே, ஐயா."